அம்மாவின் கோல நோட்டும் ஒரு குட்டிக் கணினி மொழியும்

மார்கழி பிறந்தால் பத்திரிகைகளில் கோலப் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு கோலத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி.’ அல்லது, ‘9 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி.’

கோலம் போடப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். நடுவில் 15 புள்ளி வைப்பார்கள். மேலேயும் கீழேயும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, முந்தைய வரிசையின் இடைவெளிகளில் புள்ளி வைத்துக்கொண்டே போய், 8 வந்ததும் நிறுத்துவார்கள். எண்ணிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி, வடிவம் அறுகோணம். நேர்ப்புள்ளியில் வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறையும். 9-ல் தொடங்கி 1 வரை வந்தால் 41 புள்ளி; சாய்சதுரம் கிடைக்கும். இவ்வளவும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

கணினிக்காரர்கள் இதைப் பார்த்தால் ‘இது ஒரு மொழி’ என்பார்கள். எல்லா வேலைக்குமான மொழி அல்ல, ஒரே ஒரு வேலைக்கென்று உருவான சின்ன மொழி. சமையல் குறிப்பு, ஸ்வரக் குறிப்பு, எம்ப்ராய்டரி டிசைன் அட்டை எல்லாமே ஒருவகையில் அப்படித்தான்.

கோலத்தை மொழியாகப் பார்த்தது நம் ஊர்க்காரர்கள்தான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல, படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அதன் சாரம். கணினி அறிவியலில் அது இன்றும் பேசப்படுகிறது.

நான் அவ்வளவு பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. என் அம்மாவுக்காக ஒரு குட்டிக் கோல மொழி எழுதினேன். அதில் ஒரே ஒரு வசதியைச் சேர்த்தபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

தானே நனைத்த நோட்டு

அம்மா சிதம்பரத்துக்காரர். தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசல் நல்ல அகலம். மார்கழித் தேரோட்டத்தின்போது சந்து முனையில் அம்மா போடும் கோலத்துக்கு எங்கள் தெருவில் தனிப் பெயர் உண்டு. அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அவருடைய அம்மாவிடமும் அத்தைகளிடமும் கற்ற கோலங்களை அதில் வரைந்து வைத்திருந்தார். தலைப்பு பால்பாயின்ட் பேனாவில், கோலம் மட்டும் கலர் ஸ்கெட்ச் பேனாவில்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். அன்று இந்த நோட்டும் நனைந்தது. ஸ்கெட்ச் பேனா மை கரைந்து பக்கங்கள் ஊதாவும் சிவப்புமாய் ஆகிவிட்டன. பால்பாயின்ட் மை மட்டும் அழியவில்லை. பல பக்கங்களில் கோலம் போய்விட்டது, ‘13 புள்ளி, 7 வரை’ என்ற தலைப்பு மட்டும் நிற்கிறது.

அப்போது அம்மா கவலைப்படவில்லை. “நோட்டு எதுக்குடி, கை இருக்கு” என்றார். இப்போது அவருக்கு 74 வயது. இரண்டு வருடமாக வலது கையில் நடுக்கம். கோலமாவு விரலிடுக்கில் நிற்பதில்லை. சிதம்பரம் வீட்டைக் கொடுத்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். இங்கே எங்கள் வாசல் என்பது லிஃப்ட்டுக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி தரை.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவள். அம்மா வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினால், கணினி அதைப் படித்துக் கோலத்தைத் திரையில் போட வேண்டும். அதை பிரின்ட் எடுத்து, என் மகள் வாசலில் போடுவாள். இதற்காக, பைத்தானில் எழுதியதுதான் அந்தக் கோல மொழி. கட்டளைகள் எல்லாம் தமிழில். தமிழில் நிரல் எழுதுவது புதிதல்ல. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘பதிப்பி’ என்று எழுதினால் கணினி பதிப்பிக்கும். அந்தத் தைரியம்தான் எனக்கும்.

அம்மா சொன்ன தாமரைக் கோலம் முதலில் இப்படி இருந்தது:

இடைப்புள்ளி 11 6
வரிசை 6 புள்ளி 6 செல்
வளையம் 1
6 முறை: இதழ் 4, திரும்பு 60

11 புள்ளி வைத்து 6 வரை குறை. ஆறாவது வரிசையின் ஆறாவது புள்ளிதான் நட்டநடு, அங்கே போ. ஒரு புள்ளி தூரத்தில் வளையம் போடு. பிறகு நான்கு புள்ளி நீளத்தில் ஓர் இதழ், 60 பாகை திரும்பி அடுத்த இதழ் என்று ஆறு இதழ். திரையில் அழகாக வந்தது.

“ஓர் இதழை யாருடி தின்னது?”

மூன்றடி வாசலில் 11 புள்ளி பிடிக்கவில்லை. “9-க்கு 5 ஆக்கிடு” என்றார் அம்மா, ரவிக்கையைப் பிடித்துத் தைக்கச் சொல்வதுபோல. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், “நான் பண்றேன் ஆயா” என்று உட்கார்ந்தாள். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) 11 இருந்த இடத்தில் 9, 6 இருந்த இடமெல்லாம் 5, கூடவே இதழுக்கு 4-க்குப் பதில் 3. ஒரே நொடி.

திரையைப் பார்த்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “ஓர் இதழை யாருடி தின்னது?”

ஐந்து இதழ்தான் வந்திருந்தது. ஆறாவது இதழ் இருக்க வேண்டிய இடம் காலி.

காரணம் எளிது. அந்த நான்கு வரியில் 6 என்ற எண் நான்கு தடவை வருகிறது. ஒன்று, கடைசி வரிசையின் புள்ளி எண்ணிக்கை. இரண்டு, நடு வரிசையின் இடம். மூன்று, நடுப் புள்ளியின் இடம். நான்கு, இதழ்களின் எண்ணிக்கை. முதல் மூன்றும் கோலம் சிறிதானால் குறைய வேண்டியவை. நான்காவது எந்தக் காலத்திலும் குறையக் கூடாது. எண்ணாகப் பார்த்தால் நான்கும் ஒரே முகம். எது எது என்று அம்மாவுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. அந்த வித்தியாசம் நோட்டில் எங்கும் எழுதப்படவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மொழியில் ‘மாறி’ சேர்ப்பது என்று முடிவு செய்தேன். எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கும் வசதி. பள்ளியில் இயற்கணிதப் பாடத்தில் பார்த்த அதே மாறிதான். 12-ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் எழுதிய பாஸ்கராசாரியர், தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டார். நான் கோலக்காரர்களின் சொற்களையே எடுத்துக்கொண்டேன்:

நடு = 11
வரை = (நடு + 1) ÷ 2
மையம் = வரை
இதழ்நீளம் = வரை − 2
இதழ்கள் = 6

இடைப்புள்ளி நடு வரை
வரிசை மையம் புள்ளி மையம் செல்
வளையம் 1
இதழ்கள் முறை: இதழ் இதழ்நீளம், திரும்பு 60

இப்போது முதல் வரியில் 11-ஐ 9 ஆக்கினால் போதும். மற்றதெல்லாம் தானே மாறும். இதழ் ஆறும் ஆறாகவே நிற்கும்.

இரண்டாவது வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்திரிகைக் கோலங்களில் 15–8, 13–7, 11–6, 9–5, 7–4 என்றுதான் அதிகமாகப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் முதல் எண்ணுடன் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் இரண்டாவது எண் வந்துவிடும். ஆறு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றால் அதுதான் கணக்கு. இதை நான் சொன்னபோது, “இதுல என்ன அதிசயம், பக்கம் சமமா இருக்கணும்ல” என்று அம்மா அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பெயர் வைப்பதில் இருக்கும் சங்கடங்கள்

கணினிக்குள் இது நடக்கும் விதம் ரொம்ப எளிது. ஒரு பட்டியல், ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் மதிப்பு. ‘நடு = 11’ என்று படித்ததும் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பின்னால் ‘நடு’ என்று வந்தால் பட்டியலைப் பார்த்து 11 என்று எடுத்துக்கொள்ளும். அந்த வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள்தான் சாயங்காலம் வரை இழுத்தன.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் என்ன செய்வது? பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும் மொழிகள் உண்டு. நான் நிறுத்தச் சொன்னேன். ‘நடு என்று யாரும் இங்கே இல்லை’ என்று செய்தி காட்டும். ஆள் தெரியாத கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல் தபால்காரர் திருப்பி எடுத்துப் போவதுபோல.

ஒரு முறை வைத்த பெயருக்கு நடுவில் வேறு மதிப்பு கொடுக்கலாமா? கூடாது என்று வைத்தேன். வாசலில் புள்ளி வைத்து முடித்த பிறகு பாதிக் கோலத்தில் யாரும் புள்ளியை மாற்றுவதில்லை. அதனால் என் மொழியில் ‘மாறி’ என்பது ஒரு கோலத்துக்குள் மாறாது. அடுத்த தடவை போடும்போதுதான் மாறும்.

தமிழுக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. நாம் ‘நடு’ என்று மொட்டையாகப் பேசுவதில்லை. நடுவில், நடுவை, நடுவிலிருந்து என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். உருபைப் பிரித்தறியச் செய்வது பெரிய வேலை. அதனால் பெயரை உருபில்லாமல்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். வாசித்துப் பார்த்த அம்மா, “என்னடி, தந்தி மாதிரி இருக்கு” என்றார்.

அவருடைய முக்கியமான புகார் வேறு. “11-னு போட்டிருந்தா பார்த்ததும் புரிஞ்சுது. இப்ப நடுன்னு போட்டிருக்கே. நடு எவ்வளவுன்னு மேல போய்ப் பார்க்கணும்.”

சிரித்துவிட்டேன். உலகத்தில் இதே புகாரைச் சொன்ன பெரிய மனிதர் ஒருவர் உண்டு. இணையப் பக்கங்களுக்கு நிறமும் எழுத்தளவும் கொடுக்கும் சிஎஸ்எஸ் என்ற மொழி 1996-ல் வந்தது. அதுவும் ஒரே வேலைக்கான சின்ன மொழிதான். ஒரு பெரிய தளத்தில் ஒரே நீலத்தை நூறு இடத்தில் எழுத வேண்டியிருந்ததால், மாறி வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பெர்ட் போஸ், வேண்டாம் என்று 2008-ல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். படிப்பவருக்குச் சுமை கூடும், எளிய மக்களுக்கான மொழி எளிமையை இழக்கும் என்பது அவர் வாதம். ஆனாலும் 2017 வாக்கில் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் மாறி வந்துவிட்டது. எக்செல் சூத்திரத்துக்குள்ளேயே பெயர் வைத்துக்கொள்ளும் ‘லெட்’ வசதியும் 2020-ல்தான் வந்தது. சின்ன மொழிகளுக்கு மாறி தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

அம்மாவின் புகாருக்கு ஒரு வழி செய்தேன். பிரின்ட் எடுக்கும்போது கோலத்தின் கீழே பழையபடி ‘11 புள்ளி, 6 வரை, இடைப்புள்ளி’ என்று கணினியே எழுதிவிடும். உள்ளே பெயர், வெளியே எண். அம்மா சமாதானமானார்.

எவ்வளவு மாறலாம்?

பெயர் வைத்த பிறகு எனக்கு ஒரு கேள்வி பிறந்தது. ‘நடு’ எந்த எண்ணாக வேண்டுமானாலும் இருக்கலாமா? அம்மாவிடம் கேட்டேன்.

“ஒத்தப்படைதான்” என்றார் உடனே. சரிதான், 8 கொடுத்தால் வரை நாலரை. அரைப் புள்ளி வைக்க முடியாது. “7-க்குக் கீழ போகாதே. இதழ் இதழா இருக்காது, அரிசி மாதிரி ஆயிடும்.” அதையும் மொழியில் சேர்த்தேன். நடு: ஒற்றைப்படை, 7 முதல்.

அதிலிருந்து ஒவ்வொரு கோலத்துக்கும் கேட்க ஆரம்பித்தேன். இதில் எது மாறலாம், எது மாறக் கூடாது? ஐம்பது வருடமாகக் கோலம் போடும் அம்மாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்.

செவ்வகச் சிக்குக் கோலம் வந்தது. புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாகக் கம்பி ஓடி, ஓரத்தில் வளைந்து திரும்பும் எளிய வகை. “4-க்கு 5 வச்சா ஒரே கம்பியில முடியும். 4-க்கு 6-னா ரெண்டு கம்பி. 5-க்கு 5 வச்சா அஞ்சு கம்பி” என்றார். பெயர் வைத்து எழுதிப் பார்த்தபோது கணக்குப் புலப்பட்டது. நீளம், அகலம் இரண்டின் மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை. 2-க்கு 2 புள்ளி வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு முட்டை வடிவம் வரும். 2-க்கு 3 வைத்தால் எடுத்த கை வைக்காமல் ஒரே கம்பி. ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் போடும் ‘சோனா’ சித்திரங்களிலும் இதே கணக்கு இருக்கிறது. மொசாம்பிக் கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டெஸ் அவற்றை ஆராய்ந்தவர். நம் கோலங்களையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அடுத்து ஹ்ருதய கமலம். வெள்ளிக்கிழமை பூஜை அறையில் போடுவோமே, அது. எட்டுத் திசையில் எட்டுக் கரம், கரத்துக்கு 5 புள்ளி. 1, 3, 5, 2, 4 என்று தாவித் தாவிச் சுற்றி வந்தால் 40 புள்ளியையும் தொட்டு, தொடங்கிய இடத்திலேயே முடியும். 8-க்கும் 5-க்கும் பொது வகுத்தி 1 என்பதால்தான் அப்படி முடிகிறது. கரம் 10 என்று வைத்தால் ஒரே கோடு ஐந்து தனிக் கோடாகப் பிரிந்துவிடும். 7 என்று வைத்தால் கணக்குப்படி ஒரே கோட்டில் முடியும்.

ஆசையாக, “அம்மா, இதை ஏழு கரத்துலயும் போடலாம்” என்றேன்.

“போடக் கூடாது.”

“கணக்கு சரியா வருதும்மா.”

“வரட்டும். எட்டுன்னா எட்டுதான்.”

அதற்காகவே என் மொழியில் இன்னொரு சொல் சேர்ந்தது: ‘மாறிலி’. ‘மாறிலி கரம் = 8’ என்று எழுதிவிட்டால் யாரும் தொட முடியாது. பெயர் உண்டு, மாற்றம் கிடையாது. தாமரையின் ஆறு இதழையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். எது மாறி, எது மாறிலி என்பதை முடிவு செய்தது நானோ கணக்கோ அல்ல, அம்மாதான்.

இதுவரை 48 கோலம்

நோட்டில் 63 பக்கம். அம்மா சொல்லச் சொல்ல 48 கோலத்தை எழுதி முடித்துவிட்டோம். ஒவ்வொன்றின் தலையிலும் நாலைந்து வரி வரையறைகள். கோலத்தைவிட எனக்கு அந்த வரிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. நோட்டு நனையாமல் இருந்திருந்தாலும் அவை அதில் இருந்திருக்காது. படத்தைப் பார்த்து யாரும் வரையலாம். மூன்றடி வாசலுக்கு எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்பது படத்தில் இருப்பதில்லை.

உங்கள் வீட்டில் கோலம் போடும் அம்மாவோ ஆச்சியோ இருந்தால், கணினியெல்லாம் வேண்டாம், ஒரு நோட்டு போதும். அடுத்த கோலத்தை போனில் படம் எடுக்கும்போது கூடவே கேளுங்கள்: “இதைப் பெரிசாக்கினா எது மாறும், எது மாறாது?” பதிலைப் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள்.

மீதி 15 பக்கத்தில் சில அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதில் ஒன்று, அவருடைய பெரிய அத்தை கற்றுக்கொடுத்தது. தலைப்பு மட்டும் இருக்கிறது. கணினியில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

நடு = 13
வரை = (நடு + 1) ÷ 2

இடைப்புள்ளி நடு வரை

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பிரின்ட் எடுத்தால் 127 புள்ளி மட்டும் வரும், ஒரு கோடு கூட இருக்காது. அந்தத் தாளை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார். காபி கலக்கும்போது அதன் முன்னால் நின்று, நடுங்கும் விரலைக் காற்றில் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி ஏதோ இழுத்துப் பார்க்கிறார். நேற்று, “நாலு மூலையில இல்ல, ஆறு மூலையிலயும் கிளி இருந்துச்சு” என்றார். நான் ‘மாறிலி கிளி = 6’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.